கேள்வி நேரம்: பசுமைத் தொழிலுக்கு அரசு தரும் கை

கேள்வி: கரும்புச் சக்கையில் தட்டு, கிண்ணம் செய்யும் நிறுவனத்தை நண்பருடன் சேர்ந்து தொடங்க இருக்கிறேன். அரசிடமிருந்து என்னென்ன உதவி கிடைக்கும்?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: முதலில் நிறுவனத்தின் வடிவத்தை முடிவு செய்யுங்கள். தனிநபர் உரிமையாளர் கடையாகப் பதிவு செய்தால் புதிய தொழில் முயற்சிகளுக்கு மத்திய அரசு தரும் 'ஸ்டார்ட்அப் இந்தியா' அங்கீகாரம் கிடைக்காது. கூட்டு நிறுவனமாகவோ, எல்எல்பியாகவோ (பங்குதாரர்களின் கடன் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட்டாகவோ இருக்க வேண்டும். சந்தையில் விற்கும் இயந்திரத்தை வாங்கி, எல்லோரும் செய்யும் தட்டையே செய்வதாக விண்ணப்பித்தால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். எண்ணெய் ஊறாத பூச்சு போல உங்களுடையது என்று சொல்ல ஏதாவது ஒரு புதுமை வேண்டும்.

தமிழக அரசின் 'டான்சீட்' திட்டத்தில் பொதுவாக 10 லட்சம் ரூபாய் என்றால், பசுமைத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை ஆதார நிதி உண்டு. அதற்கு ஈடாக 3 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொள்ளும். 2021இல் வந்த மத்திய அரசின் விதை நிதித் திட்டமோ, தொழில் வளர் மையங்கள் (புதிய நிறுவனங்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேட்டர்கள்) வழியாக 20 லட்சம் வரை மானியம் தர வகை செய்தது. ஆனால், வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் பெற்றவர்களுக்கு அது கிடையாது என்பது அதன் நிபந்தனை என்பதால், எதற்கு முதலில் விண்ணப்பிப்பது என்பதை, இப்போது எது திறந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: மானியம் மட்டும் கொடுத்தால் இத்தகைய தொழில்கள் வளர்ந்துவிடுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வளராது என்பதே என் கருத்து. வாங்க ஆள் இருந்தால்தான் தொழில் நிற்கும்; அந்த ஆளை உண்டாக்குவது சட்டம். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பாக்குமட்டைத் தட்டுக்கும் துணிப்பைக்கும் விளம்பரமே இல்லாமல் சந்தை திறந்தது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் அந்தப் பட்டியலில் உண்டு. இருந்தும் எத்தனை டீக்கடைகளில் இன்றும் அதில்தான் டீ தருகிறார்கள்! சோதனை தளர்ந்தால், தடையை நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் போட்டவருக்குத்தான் முதல் அடி. மானியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சோதனைக்குச் செலவிட்டாலே இவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: சரக்கை வாங்கியவர்கள் பணம் தர இழுத்தடிக்கிறார்களே?
– வாசகர், கரூர்

பதில்: சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்பது சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள்.