புற்றுநோய்க்கு எதிராக என்கே செல்: கேள்வி பதில்

கவிதா: கார்-டி சிகிச்சைதான் இருக்கிறதே, கார்-என்கே எதற்கு சார்?

டி செல், என்கே (இயற்கைக் கொல்லி) செல் இரண்டுமே நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள். புற்றை அடையாளம் காணும் செயற்கை ஏற்பியை மரபணு வழியாக அவற்றில் பொருத்துவதுதான் ‘கார்’. கார்-டியில் நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நோய் முற்றிவிடுவதும் உண்டு. வேறொருவரின் டி செல்லை அப்படியே ஏற்றினால் அது நோயாளியின் உடம்பையே தாக்கலாம். என்கே செல்லில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தானமாகக் கிடைத்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்து, பல பேருக்குக் கொடுக்க முடியும். என்னைக் கேட்டால், இதன் மவுசே அதில்தான்.

முருகேசன்: நல்ல செல்லையும் கொன்றுவிடாதா?

நல்ல செல்கள் எம்எச்சி-1 என்ற புரதத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டால் என்கே அடங்கிவிடும். டி செல்லிடமிருந்து தப்பிக்கப் புற்றுநோய்ச் செல் அந்தப் புரதத்தை மறைத்தால், என்கேவிடம் மாட்டிக்கொள்ளும். ஸ்வீடனின் கிளாஸ் கேரெ குழு 1986-ல் எலிகளில் காட்டியது இதைத்தான். மறைக்காத புற்றும் நிறைய உண்டே, அதற்குத்தான் கார் ஏற்பி.

ஃபாத்திமா: மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கேட்டி ரெஸ்வானியின் குழு, புற்றுச் செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தைக் குறிவைக்கும் கார்-என்கே செல்களை லிம்போமா (நிணநீர்ப் புற்று), நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்று நோயாளிகள் 11 பேருக்குக் கொடுத்து 2020-ல் முடிவை வெளியிட்டது. 8 பேருக்குப் பலன் கிடைத்தது. சைட்டோகைன் புயல் (நோய் எதிர்ப்பு கட்டுக்கடங்காமல் பொங்குவது) இல்லை, நரம்புப் பாதிப்பும் இல்லை. அந்த வருடம் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். 2024-ல் அதே ஆய்வின் 37 பேரின் கணக்கு வந்தபோது பலன் கண்டவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: சேகரித்த 24 மணி நேரத்துக்குள் உறையவைத்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து வந்த செல்கள் நன்றாக வேலை செய்தன. மரபணு வித்தையைப் போலவே ரத்தப் பையைக் கையாண்ட விதமும் முக்கியம் என்று ஆகிறது.

ராஜேஷ்: ஏற்றிய செல் எத்தனை நாள் தாங்கும்?

சாதாரண என்கே செல்லுக்கு ஆயுள் சுமார் இரண்டு வாரம். அதனால்தான் அந்தக் குழு கார் மரபணுவோடு ஐஎல்-15 என்ற ஊட்டப் புரதத்தின் மரபணுவையும் சேர்த்தது. செல் தனக்கு வேண்டிய ஊட்டத்தைத் தானே சுரந்துகொள்ளும். அடங்காமல் போனால்? காஸ்பேஸ்-9 என்ற ஒரு நிறுத்து பொத்தானும் உள்ளே உண்டு. மருந்து கொடுத்தால் செல் தானே செத்துவிடும். அப்புறம் ஒரு கோளாறு: என்கே செல் புற்றுச் செல்லைக் கவ்வும்போது சிடி19-ஐயும் கொஞ்சம் பிய்த்துத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் கூட்டாளி அதையே எதிரி என்று நினைத்து அடித்துவிடும்!

ஜெயந்தி: மார்பகம், நுரையீரல் கட்டிகளுக்கு?

இன்னும் கஷ்டம்தான். செல் கட்டிக்குள் நுழைவதே பாடு. நுழைந்தாலும் அங்குள்ள டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அதை முடக்கிவிடும். அந்தப் புரதம் வந்து ஒட்டும் ஏற்பியை என்கே செல்லிலிருந்து கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் நீக்கிப் பார்க்கிறார்கள்.

பெயர் வேண்டாம்: அம்மாவுக்குக் கருப்பைப் புற்று. ஒரு கிளினிக்கில் என்கே செல் ஏற்றுகிறோம், பல லட்சம் ஆகும் என்கிறார்கள். போகலாமா?

அவசரப்படாதீர்கள். ரத்தத்திலிருந்து எடுத்துப் பெருக்கிய வெறும் என்கே செல் வேறு, மேலே சொன்ன கார்-என்கே வேறு. கார்-என்கே இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இது மருத்துவ ஆய்வா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவெண் என்ன என்று கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிவிட்டுச் செல்லுக்குப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் அந்தக் காகிதங்களைக் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.