மார்மன் என்ற, அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவச் சபையின் பதின்வயதினர் இவ்வளவு சமூக சேவை செய்வது ஏன்? ஆள் சேர்க்கவா?

இல்லை. மதப் பரப்புரைக்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. பையன்கள் 18 வயதிலிருந்து அந்த முழுநேர ஊழியத்துக்குப் போகலாம். பதின்வயதுச் சேவை வேறு, அது சபை வாழ்க்கையிலிருந்தே வருவது.

உள்ளூர்ச் சபைகளில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது; வேலைகளை உறுப்பினர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உண்ணாமலிருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்குத் தருவார்கள். மார்மன்கள் அதிகம் வாழும் அமெரிக்க மாநிலமான யூட்டாவில் 12 வயதுப் பையன்கள்கூட வீடு வீடாகப் போய் அந்தக் காணிக்கையை வாங்கி வந்தார்கள். பக்கத்து வீட்டின் கஷ்டம் அந்த வயதிலேயே கண்ணில் படும். இந்த வழக்கத்தின் பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான்.

அப்புறம் சாரணர் இயக்கம். முன்பு சபையின் பையன்கள் அதில் இருந்தார்கள். அமெரிக்காவில் சாரணரின் உச்சத் தகுதியான ‘ஈகிள் ஸ்கவுட்’ பெற, ஊருக்கு உதவும் ஒரு பணியைச் சாரணரே திட்டமிட்டு, ஆள் திரட்டி முடிக்க வேண்டும். சபையின் பெண் பிள்ளைகளுக்கு அப்போது இந்தச் சாரணர் வாய்ப்பு இல்லாமல் இருந்தது நியாயமே இல்லை. 2019 கடைசியில் சபை சாரணரை விட்டு விலகியது. 2020 முதல் இருபாலருக்கும் ஒரே திட்டம்.

இப்போது பலர் ‘ஜஸ்ட்சர்வ்’ என்ற சபையின் இணையதளத்தில் சேவைப் பணிகளைத் தேடுகிறார்கள். உணவு வங்கி போன்ற பிற அமைப்புகளும் தங்கள் தேவையை அதில் போடலாம். அங்கே மதப் பரப்புரைக்கு இடமில்லை.