கணக்கில் லாபம் 40 லட்சம், வரி 48 லட்சத்துக்கா?

கேள்வி: திருப்பூரில் பிரைவேட் லிமிடெட்டாக பனியன் கம்பெனி நடத்துகிறோம். 2024-25ஆம் ஆண்டுக்கு வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம். ஆடிட்டர் 48 லட்சத்துக்கு வரி கணக்கிட்டிருக்கிறார். எங்காவது தப்பா? வரிக்கான வருமானத்தைக் கணக்கிட்ட கம்ப்யூட்டேஷன் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: தப்பில்லை. லாப நட்டக் கணக்கை கம்பெனிகள் சட்டப்படி எழுதுகிறோம். வரியை வருமான வரிச் சட்டப்படி போடுகிறோம். எந்தச் செலவை எந்த ஆண்டில் கழிப்பது என்பதில் இரண்டும் வேறு வேறு வழி போகின்றன. உங்கள் தாளில் மூன்று இனங்கள்தான்.

முதலாவது, 2024 ஏப்ரல் 1 முதல் ஓடும் 60 லட்ச ரூபாய் நிட்டிங் மெஷின். 15 வருட ஆயுள், 5 சதவீத மீதமதிப்பு என்று வைத்து 3.80 லட்சம் தேய்மானம் எழுதியிருக்கிறீர்கள். வரிச் சட்டம் 15 சதவீதம், அதாவது 9 லட்சம் தருகிறது. அதனால் 5.20 லட்சம் குறைகிறது. இது நிரந்தரச் சலுகை அல்ல. வரித் தேய்மானம் வருடாவருடம் இறங்கி, ஏழாவது வருடம் 3.39 லட்சமாகிவிடும். அப்போது கணக்குத் தேய்மானம்தான் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது, சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் தர வேண்டிய 12 லட்சம். இருவரும் உத்யம் (சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவுள்ள சிறு நிறுவனங்கள். இவர்களுக்குப் பணம் தர, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவுப்படி அந்தச் செலவு இந்த ஆண்டு கிடையாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கிடைக்கும். அதனால் 12 லட்சம் கூடுகிறது.

சரி, இந்த இரண்டும் பின்னால் நேராகிவிடும். 12 லட்சத்தில் 5.20 லட்சம் போக, நிகரமாக 6.80 லட்சம். நீங்கள் கம்பெனிகளுக்கான 22 சதவீத வரித் திட்டத்தில் இருப்பதால் சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி 25.168 சதவீதம். அந்த 1.71 லட்சம்தான் உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் ‘டிஃபர்டு டாக்ஸ் அசெட்’, அதாவது இப்போது கட்டி, பின்னால் வரியில் குறையப்போகும் தொகை என்று நிற்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு வருத்தம். தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கு 1.20 லட்சத்தை, கெடுவான மறுமாதம் 15ஆம் தேதி தாண்டிக் கட்டியிருக்கிறீர்கள். ரிட்டர்ன் போடும் முன் கட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தக் கழிவு இனி எந்த ஆண்டிலும் வராது. 40 லட்சத்தில் 5.20 லட்சம் கழித்து, 12 லட்சமும் இந்த 1.20 லட்சமும் கூட்டினால்தான் 48 லட்சம். சுமார் 30,200 ரூபாய் வரி வீண். அது தொழிலாளியின் பணம். நம் கையில் தங்கவே கூடாது. சம்பளம் போடும் அன்றே சலானையும் கட்டிவிடச் சொல்லுங்கள்.