வெறும் வயிற்றில் 148: கடைக்கார அண்ணாவுக்கு

அண்ணா, கொழும்பு வெள்ளவத்தையில் காலை ஆறரைக்குத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டும் பலசரக்குக் கடை, மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு, வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 148 (mg/dL), நடக்க நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்தபோது எனக்கும் இதே கதைதான்.

நடையைப் பிறகு பார்ப்போம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தாலே நீரிழிவா என்று டொக்டர் உறுதிப்படுத்த வேண்டும். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பற்றியும் இந்தக் கிழமையே கேளுங்கள்.

அடுத்தது கடையில் குடிக்கும் பிளேன்ரீ, அதாவது பால் சேர்க்காத தேநீர். நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. வாடிக்கையாளரோடு சேர்ந்து குடிப்பதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லையே! சீனியை நிறுத்தினேன். முதல் கிழமை வாயில் வைக்க முடியவில்லை, பிறகு பழகிவிட்டது.

பகல் இரண்டிலிருந்து மூன்றரை வரை எவ்வளவு வியாபாரம் என்று பில் புத்தகத்தைப் பாருங்கள். நான் அந்த நேரம் ஈயோட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதனால் அரை மணி பூட்டிவிட்டுச் சாப்பிட்டேன். நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள், ஒருவரும் கடை மாறவில்லை.

கடலோர மரைன் டிரைவ் வீதி உங்களுக்குக் கூப்பிடு தூரம். பின்னேரம் பெடியனைக் கல்லாவில் இருத்திவிட்டுப் போய்வாருங்கள். கல்லாவை விட மனமில்லையா, சரி, விடியக்காலை கடை திறக்க முன் நடவுங்கள்.