பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில்) தக்காளிக்கு பம்பிள்பீ பெட்டி கடலூரில் கிடைக்குமா?

கிடைக்காது. பம்பிள்பீ என்பது உடலெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய தேனீ வகை, மகரந்தச் சேர்க்கைக்காக வெளிநாட்டில் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். இந்தியாவில் அதைக் கடைச்சரக்காக யாரும் விற்பதில்லை, உயிருள்ள பூச்சியை அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து இறக்கவும் முடியாது. அப்படியே வந்தாலும் அது குளிர்ப்பிரதேசத்துப் பூச்சி. 30 டிகிரி தாண்டினாலே பூவுக்குப் போவதை விட்டுவிட்டுக் கூட்டுக்குள் சிறகால் விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நம்ம ஊர் வெயிலில் பாலிஹவுஸ் உள்ளே 30 என்பது காலை டிபன் நேரம்.

பூ நிறைய, காய் இல்லை என்கிறீர்கள். தக்காளிப் பூவின் நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கிறதே, மகரந்தம் அதற்குள்தான், உப்பு டப்பா மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். வெளியே வயலில் காற்றே குலுக்கிவிடும். பம்பிள்பீ அந்தக் கூம்பைத் தாடையால் கவ்வி, சிறகை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும், கவ்விய இடம் பழுப்பாகிவிடும், ஐரோப்பிய விவசாயிகள் அந்தத் தழும்பைப் பார்த்தே பெட்டி வேலை செய்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். 1987-இல் பெல்ஜியத்தில் பெட்டி விற்பனைக்கு வரும்வரை அங்கேயும் ஆள் வைத்து அதிர்வுக்கருவியால் பூப்பூவாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். (இதே பூச்சியைச் சிலி நாட்டில் இறக்கி, அந்த மண்ணின் சொந்த பம்பிள்பீ அருகிப்போனது தனிக்கதை.)

சாதாரணத் தேனீப் பெட்டி வைக்கலாமா என்றால், அதற்கு இந்த அதிர்வு வித்தை தெரியாது, தக்காளிப் பூவில் தேனும் கிடையாது. கத்தரிப்பூவிலும் ஆவாரம்பூவிலும் காலையில் ரீங்காரம் போடும் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் இதைச் செய்யும், ஆனால் அவற்றுக்காக வலையைத் திறந்தால் வெள்ளை ஈயும் சேர்ந்து வந்து இலைச்சுருள் நோயைக் கொடுத்துவிட்டுப் போகும்.

அதனால் நீங்களே குலுக்குங்கள். காலை ஈரம் விட்டபிறகு, பத்து மணிக்கு மேல் உச்சிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடி கட்டிய கம்பியைத் தடியால் தட்டினால் போதும். கொஞ்சம் செடிதான் என்றால் பேட்டரி டூத்பிரஷை பூக்காம்பில் வையுங்கள், இதழ் பின்னால் மடங்கிய பூவாகப் பார்த்து. கடலோரப் புழுக்கத்தில் விடிகாலையில் தட்டினால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு விழாது.

முதலில் ஒன்று செய்து பாருங்கள்: பூவுக்குக் கீழே திரை அணைந்த மொபைலைப் பிடித்து, காம்பைச் சுண்டுங்கள். மஞ்சள் தூள் விழுந்தால் குலுக்கல்தான் குறை. பல பூக்களில் சுண்டியும் ஒன்றும் விழவில்லை, காம்பு முட்டியில் மஞ்சளாகிப் பூ ஒடிகிறது என்றால் அனேகமாகச் சூடுதான், பகல் 35-ஐத் தாண்டி இரவும் புழுங்கினால் மகரந்தம் வீணாகிவிடும், அப்போது எந்த வண்டு வந்தும் பயனில்லை, பூப்பு மார்கழி, தை, மாசியில் விழுகிற மாதிரி நாற்று விடுங்கள்.