விண்வெளியில் நேரம் வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா?

இரண்டும் நடக்கும். பூமி மாதிரிப் பெரிய நிறைக்குக் கிட்ட இருந்தாலும் நேரம் மெதுவாகும் (விலகினால் வேகமாகும்), வேகமாக ஓடினாலும் மெதுவாகும். இதற்குப் பெயர் நேர விரிவு.

ஏன்? வெளியும் (அதாவது இடமும்) நேரமும் ஒன்றாய்ப் பின்னியவை. மாங்குளத்தில் இருந்து ஏ9 வழியே வடக்கே சைக்கிள் மிதித்தால் முழு வேகமும் வடக்குக்கே. அதே வேகத்தில் கிழக்கே கொஞ்சம் சரித்தால் வடக்குக்கான பங்கு குறையும். அப்படித்தான், வெளியில் விரைந்து ஓடுகிறவருக்கு நேரத்தில் ஓட மிச்சம் குறைவு (உவமைதான், அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்). நிறையோ நேரத்தையே வளைக்கிறது.

நீங்கள் ஃபோனில் வழி பார்க்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பூமியை விட்டு விலகியதால் அவற்றின் கடிகாரம் நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ செக்கன் (செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ செக்கன்) முந்தும், வேகத்தால் 7 பிந்தும், ஆக 38 முந்தும். சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் ஃபோன் இடத்தைக் கணிக்கிறது, அதனால் அற்பம்தானே என்று திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழைத்து, கிளிநொச்சி டவுனில் நிற்பவரைப் பரந்தனுக்கும் அங்கால் காட்டும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையத்தில் வேகம்தான் வெல்லும், அங்கே நேரம் பிந்தும்.

கடிகாரம் பழுதாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அங்கிருப்பவரின் நாடித்துடிப்பும் அதே கணக்கில்தான் ஓடும், அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.