குடியிருப்பில் சேரும் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

120 வீடுகள், கீழே ஒரு ஓட்டல், ஒரு காய்கறிக் கடை. இந்தக் குப்பையில் மின்சாரம் எடுத்துத் தண்ணீர் மோட்டாரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் மின்சாரமாக மாற்றாமல் அடுப்புக்கு எரிவாயுவாகவே பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். நான் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பின்பக்கம் பயோகேஸ் தொட்டி, அதாவது கழிவைக் காற்றுப் படாமல் மட்கவைத்து எரிவாயு எடுக்கும் தொட்டி, இருக்கிறது.

100 கிலோ சமையல் கழிவுக்குச் சுமார் 10 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. அடுப்பில் எரித்தால் அது நாலரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். நாலைந்து நாளில் ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். அதையே ஜெனரேட்டருக்குக் கொடுத்தால் 15 யூனிட் வந்தாலே பெரிது. எரிகிற சக்தியில் முக்கால் பங்கை எஞ்சின் சூடாகவே வெளியே தள்ளிவிடும். போதாக்குறைக்கு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வடிகட்டாவிட்டால் எஞ்சின் அரித்துப்போகும். உங்கள் 120 வீட்டில் நாளுக்கு 60 கிலோ ஈரக் குப்பை வந்தால் 9 யூனிட். 5 குதிரைத்திறன் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான்.

சென்னை கோயம்பேடு சந்தை மாதிரி இடம் வேறு. அங்கே 2005இல் நாளுக்கு 30 டன் சந்தைக் கழிவுக்கென்று மின் நிலையம் அமைத்தார்கள். அத்தனை டன், அதுவும் ஒரே வகைக் கழிவு என்றால் மின்சாரத்துக்கு அர்த்தம் உண்டு.

தொட்டிக்குள் என்ன போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடிகஞ்சியும் மிஞ்சிய சோறும் நன்றாக வாயு தரும். ஆனால் முகூர்த்த நாளில் மிஞ்சியதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினால் உள்ளே புளித்துப்போய், வருகிற வாயு தீயே பிடிக்காது. அப்புறம் சில நாள் தீனி போடாமல் சாணக் கரைசல் ஊற்றித்தான் தேற்ற வேண்டும். வாழை இலையை முழுசாகப் போட்டால் நார் மேலே மிதந்து பாய் போலக் கட்டிக்கொள்ளும்; நாங்கள் பொடியாக நறுக்கித்தான் போடுகிறோம். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு வேண்டாம். ஐஸ்கிரீம் கப், கரண்டியைப் பந்தி முடிந்ததும் இலை எடுக்கும்போதே பிரித்துவிட வேண்டும். தொட்டிக்குள் போன பிளாஸ்டிக்கை வெளியே எடுக்கிற வேலையை எந்த மனிதர் தலையிலும் கட்டக் கூடாது.

எல்லாவற்றையும் ஒன்றாக எரித்துவிடலாமே என்று குடியிருப்போர் சங்கத்தில் யாராவது சொல்வார்கள். டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் உதவியோடு அப்படித்தான் நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். ஒரு மாதம்கூட ஓடவில்லை. ஈரமும் மண்ணும் கலந்த குப்பை தானாக எரிகிற அளவுக்கு வெப்பம் தரவில்லை. 2016இல் வந்த திடக்கழிவு விதிகளும், மறுசுழற்சிக்கு உதவாத, எரித்தால் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாமல் வெப்பம் தரும் குப்பையைத்தான் எரிசக்திக்கு அனுப்பச் சொல்லியிருந்தன.

அதனால் முதலில் கீழே உள்ள ஓட்டல்காரரிடம் பேசுங்கள். கழிவும் அவரிடம் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது. பயோகேஸுக்கு அழுத்தம் குறைவு. தொட்டியை அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சாதாரண பர்னர் சரிப்படாது, துளை பெரிதான பயோகேஸ் பர்னர் கேட்டு வாங்குங்கள். சாணக் கரைசல் ஊற்றித் தொடங்கினால் வாயு சீராக வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.